காந்தம் இழுத்ததும் இழுக்காததும்

ஆய்வகத்தைப் பார்க்க யார் வந்தாலும் நான் முதலில் எடுத்துக் காட்டுவது ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே மை போலக் கறுப்பாக ஒரு திரவம் இருக்கும். குப்பியின் பக்கத்தில் ஒரு நியோடிமியம் காந்தத்தை வைத்தால், ஒரு நிமிடத்துக்குள் கறுப்பெல்லாம் அந்தப் பக்கமாக ஒட்டிக்கொள்ளும். மிச்சம் தண்ணீர் போலத் தெளிந்துவிடும். காந்தத்தை எடுத்துவிட்டுக் குலுக்கினால் மறுபடியும் மை. "இன்னொரு தடவை காட்டுங்க" என்று கேட்காதவர்களே கிடையாது. வடிதாள் வேண்டாம், மையவிலக்கி வேண்டாம், வினையூக்கியைக் காந்தத்தால் அள்ளி அடுத்த வினைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று நானும் விளக்கம் சொல்வேன்.

அந்த வித்தையில் முதலில் ஏமாந்தவள் நான்தான். முனைவர் பட்ட ஆய்வில் ஏறக்குறைய இரண்டு வருடம் அதில் போனது.

நான் கரிம வேதியியல் பக்கத்திலிருந்து வந்தவள். காந்தம் என்றால் காகிதத்தில் இரும்புத்தூளைத் தூவிக் கோடுகள் பார்த்ததுதான் தெரியும். நெறியாளர் கொடுத்த தலைப்பு இது: மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடின் நானோதுகள், அதன்மேல் சிலிக்கா உறை, உறையின்மேல் பல்லேடியம். அதைக் கொண்டு, இரண்டு கரிம மூலக்கூறுகளை ஒன்றாக இணைக்கும் சுசுகி வினையை நடத்த வேண்டும். 2010இல் ஹெக், நெகிஷி, சுசுகி மூவருக்கும் நோபல் பரிசு வாங்கித் தந்த பல்லேடியம் வினைகளில் ஒன்று அது. தலைப்பைப் பார்த்தபோது ஆறு மாதத்தில் முடித்துவிடலாம் என்றே தோன்றியது.

மேக்னடைட் தயாரிப்பது சொல்வதற்கு எளிது. இரும்பு(II) உப்பு ஒரு பங்கு, இரும்பு(III) உப்பு இரண்டு பங்கு, நைட்ரஜனுக்குள் நன்றாகக் கலக்கிக்கொண்டே அமோனியா விட வேண்டும். செம்மஞ்சளாக இருந்த கரைசல் கண் இமைப்பதற்குள் கறுத்துவிடும். முதல் முறை பார்த்தபோது பக்கத்து மேசைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் பழுப்பு. அடுத்த தடவையும் பழுப்பு. மூன்றாவது தடவைதான், இரும்பு(II) உப்பு இருந்த புட்டியைத் திறந்து ஒழுங்காகப் பார்த்தேன். வெளிர் பச்சையாக இருக்க வேண்டிய படிகங்களின்மேல் மஞ்சள் பழுப்பாக ஒரு பொருக்கு. பாதி இரும்பு புட்டிக்குள்ளேயே ஆக்சிஜனேற்றம் அடைந்திருந்தது. நான் எடை போட்டதெல்லாம் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் இருக்கவே இல்லை. புதுப் புட்டி வாங்கி, தண்ணீரையும் கொதிக்கவைத்து, அரை மணி நேரம் நைட்ரஜன் விட்டுக் காற்றை விரட்டிய பிறகுதான் கறுப்பு கறுப்பாகவே நின்றது.

அந்தப் பழுப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன், பலரும் வழுக்கி விழும் இடம் இது. மேக்னடைட் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் மேக்ஹெமைட் ஆகும். இரண்டையும் காந்தம் இழுக்கும். இரண்டின் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்கதிர் விளிம்பு விளைவு) கோடுகளும் ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று விழும், நானோதுகளில் கோடுகள் அகன்றுவிடுவதால் பிரித்துச் சொல்லவே முடியாது. செறிவுக் காந்தமாக்கல், அதாவது ஒரு பொருள் எட்டக்கூடிய உச்சக் காந்தமாக்கல், பெருந்துண்டு மேக்னடைட்டில் கிராமுக்கு 92 இ.எம்.யு (காந்தத்தன்மையை அளக்கும் அலகு) அளவில் இருக்கும், மேக்ஹெமைட்டில் 75க்குப் பக்கம். ஆனால் துகள் சிறுத்தாலே இந்த எண் குறைந்துவிடும் என்பதால் இதை வைத்தும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ராமன் நிறமாலை எடுக்கலாம், அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. லேசர் திறனைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் அந்தச் சூட்டிலேயே மேக்னடைட் ஹெமடைட்டாக மாறிவிடும். கருவிக்குள் வைத்தது ஒன்று, திரையில் வந்தது வேறொன்று என்று ஒரு நாள் முழுக்க விழித்திருக்கிறேன். இரும்பு அணுக்களின் நிலையைப் பிரித்துக் காட்டும் மாஸ்பவர் நிறமாலை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கட்டுரையில் பொதுவாக "இரும்பு ஆக்சைடு" என்று எழுதிவிட்டுப் போங்கள், கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

சிலிக்கா உறை போட்ட பிறகு இன்னொரு பதற்றம். காந்தமாக்கல் சட்டென்று விழுந்துவிட்டது. துகள் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு மாதம் செய்முறையை மாற்றிக்கொண்டே இருந்தேன். உண்மையில் அது வெறும் கணக்கு. இரும்பு ஆக்சைடின் எடைக்குச் சமமான எடையில் சிலிக்கா ஏறியிருந்தால், கிராமுக்கு இத்தனை இ.எம்.யு என்ற எண் தானாகவே பாதியாகும். எங்களோடு வேலை செய்த இயற்பியல்காரர் ஒருவர் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்த ஒரு கிராமில் இரும்பு ஆக்சைடு எத்தனை மில்லிகிராம்?" என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு எந்த மாதிரியையும் இரும்பின் அளவு தெரியாமல் காந்தமானிக்கு அனுப்பியதில்லை.

சரி, பல்லேடியத்துக்கு வருவோம்.

வினை நன்றாகவே ஓடியது. காந்தத்தை வைப்பேன், தெளிந்த திரவத்தை ஊற்றிவிடுவேன், எத்தனாலால் கழுவுவேன், அடுத்த சுழற்சிக்குப் போடுவேன். பத்துச் சுழற்சி. பத்துப் பட்டைகள் கொண்ட வரைபடம், எல்லாப் பட்டைகளும் ஒரே உயரம். அதை எடுத்துக்கொண்டு நெறியாளர் அறைக்குப் போனேன்.

"சார், பத்துத் தடவை. எல்லாமே 97 சதவீதத்துக்கு மேல."

"ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம் ஓடவிட்டே?"

"எட்டு மணி நேரம் சார்."

"வினை எத்தனை நிமிஷத்துல முடியுது?"

எனக்குத் தெரியாது. யாரும் கேட்டதில்லை, நானும் பார்த்ததில்லை. அவர் வரைபடத்தை என் பக்கமே தள்ளிவிட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

போய் அளந்தேன். புது வினையூக்கியில் வினை 40 நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. பத்து நிமிட நடைக்கு எட்டு மணி நேரம் கொடுத்தால், திடமாக நடப்பவனும் வந்து சேருவான், நொண்டுபவனும் வந்து சேருவான். வந்து சேர்ந்தவர்களை எண்ணினால் யாருக்குக் கால் ஒடிந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? பதினைந்தாவது நிமிடத்தில் நிறுத்தி மறுபடி அளந்தபோது முதல் சுழற்சி 46 சதவீதம், மூன்றாவது 38, ஆறாவது 19. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால், தொடக்கத்தில் 4 நானோமீட்டருக்குள் இருந்த பல்லேடியப் பொட்டுகள் ஆறு சுழற்சிக்குப் பின் கொத்துக் கொத்தாகத் திரண்டு கிடந்தன. மறுபயன்பாட்டுச் சோதனையைப் பாதி வழியில், 30 முதல் 50 சதவீத மாற்றத்தில் நிறுத்திப் பாருங்கள். முழுதாக முடிந்த வினை எதையும் காட்டிக்கொடுக்காது.

பொட்டுகள் ஏன் திரண்டன? ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் திரண்டிருக்காதே. பல்லேடியம் கரைசலுக்குள் இறங்கிப் போய்த் திரும்பி வருகிறது என்ற சந்தேகம் வந்தது. காந்தம் பிடித்தபின் கிடைத்த தெளிந்த திரவத்தை ஐசிபிக்கு (உலோகத்தை நுண்ணளவிலும் அளக்கும் கருவி) அனுப்பினேன். பல்லேடியம் இல்லாதது மாதிரிதான். நிம்மதி. அந்தத் திரவத்தில் புதுசாக வினைபொருள் போட்டுச் சூடாக்கினேன், எதுவும் நடக்கவில்லை. இரட்டை நிம்மதி.

ஆனால் நான் காந்தத்தை வைத்தது குடுவை ஆறிய பிறகு. சூட்டில் இருக்கும்போதே பிரித்தால் என்ன ஆகும் என்று பார்க்க நினைத்து, 90 டிகிரி எண்ணெய்த் தொட்டியில் இருந்த குடுவையோடு சேர்த்தே காந்தத்தை வைத்தேன். துகள்கள் வந்து ஒட்டின. அப்புறம் கொஞ்ச நேரத்தில் சோம்பலாக நழுவ ஆரம்பித்தன. துகள்தான் சூட்டில் காந்தத்தன்மையை இழக்கிறதோ என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். மேக்னடைட்டின் கியூரி வெப்பநிலை, அதாவது ஃபெர்ரோ காந்தம் போன்ற வலுவான காந்தத்தன்மை மறையும் வெப்பநிலை, 585 டிகிரி, அது ஏன் 90இல் இழக்கப் போகிறது? கெட்டது என் கையிலிருந்த காந்தம். சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினாலே நிரந்தரமாகவே வலு குறைய ஆரம்பிக்கும். மறுநாள் அதே காந்தத்தை ஆறிய குப்பியில் வைத்தபோதும் பழைய இழுப்பு இல்லை. சூட்டில் பிரிக்க சமாரியம்–கோபால்ட் காந்தம் வாங்குங்கள், இல்லையென்றால் காந்தத்தையே மறந்துவிட்டு வடிகட்டுங்கள்.

நான் வடிகட்டினேன். இதை எப்படிச் செய்வது என்பது கட்டுரைகளில் ஒரே வரியில் வரும், அதனால் விரிவாகச் சொல்கிறேன். ஊசிக்குழல், ஊசி, வடிப்பான், இரண்டாவது குடுவை எல்லாமே வினை நடக்கும் சூட்டில் இருக்க வேண்டும். இரண்டாவது குடுவை முன்கூட்டியே அதே தொட்டியில், உள்ளே காரத்தோடும் கலக்கும் கட்டையோடும் (டெஃப்லான் உறைக்குள் காந்தம் வைத்த சிறு கட்டை) காத்திருக்க வேண்டும். மாற்றம் 30 சதவீதத்தைத் தொடும்போது எடுத்து, வடிப்பான் வழியாகச் சொட்டுக்கூட ஆறவிடாமல் தள்ளிவிட வேண்டும். முதல் இரண்டு தடவை குளிர்ந்த ஊசிக்குள் உப்பு படிகமாகி அடைத்துக்கொண்டது. மூன்றாவது தடவை சரியாக வந்தது. வடிந்த திரவத்தில் ஒரு கறுப்புத் துகள்கூட இல்லை. இருந்தும் வினை நிற்கவில்லை, ஒரு மணி நேரத்தில் 70ஐத் தாண்டியது.

சூடாக இருக்கும்போது பல்லேடியம் இறங்கி வந்து கரைசலில் வேலை பார்க்கிறது. ஆறியதும், போன மச்சான் திரும்பி வந்தான் என்கிற கதையாக, துகள்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நான் ஆறின பிறகு போய்ப் பார்த்து, "எல்லாரும் வீட்டில்தான் இருக்கிறார்கள்" என்று கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். காந்தம் இழுத்தது இரும்பு ஆக்சைடை. வேலை பார்த்தது அது இழுக்காத ஒன்று.

இத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பல்லேடியமே போடாத, வெறும் சிலிக்கா உறை போட்ட துகளை வைத்து ஒரு வெற்றுச் சோதனை ஓட்டினேன். 20 சதவீதம் விளைபொருள் வந்தது. இரும்பே சுசுகி வினையை ஊக்குகிறது! அன்று இரவு கட்டுரையின் சுருக்கம் வரைக்கும் எழுதிவிட்டேன், பொய் சொல்வானேன். காலையில் நெறியாளர் சொன்னது ஒன்றே ஒன்று: புதுக் குடுவை, புதுக் கலக்கும் கட்டை, காரமாகப் போடும் கார்பனேட்டுக்கு வேறு புட்டி, மறுபடி போடு. போட்டேன். சுழியம்.

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததில் குற்றவாளி கலக்கும் கட்டைதான். அதன் வெள்ளை டெஃப்லான் உறையில் லேசாகச் சாம்பல் பூத்திருந்தது. கழுவினால் போகாத அந்தச் சாம்பல்தான், முன்பு அதே கட்டையோடு நடந்த வினைகளின் பல்லேடியம். டெஃப்லானில் நுண்ணிய கீறல்கள் விழும், அவற்றில் உலோகம் சிக்கிக்கொள்ளும். ரஷ்ய வேதியியலாளர் அனனிகோவின் குழுவினர் 2019இல் இதை மின்னணு நுண்ணோக்கியில் படம் பிடித்தே காட்டியிருக்கிறார்கள். இந்தத் துறைக்கே இது பழைய காயம். 2003இல் உலோகமே இல்லாத சுசுகி வினை என்று ஒரு அறிவிப்பு வந்தது. அதே குழுவினரே 2005இல், தாங்கள் பயன்படுத்திய சோடியம் கார்பனேட்டில் நூறு கோடியில் 50 பங்கு பல்லேடியம் இருந்தது, வேலை பார்த்தது அதுதான் என்று திருத்தி எழுதினார்கள். 2009இல் புக்வால்ட், போல்ம் என்ற இரண்டு வேதியியலாளர்கள், இரும்பு குளோரைடு செய்ததாகச் சொல்லப்பட்ட சில வினைகளுக்குப் பின்னால் அந்த உப்பில் ஒட்டியிருந்த தாமிரம் இருந்ததைக் காட்டினார்கள். தங்கள் முடிவைத் தாங்களே திருத்தியவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

இப்போது எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு உலோகத்துக்கும் தனிக் கட்டைகள், தனிப் பெட்டி. ராஜதிராவகத்தில் ஊறவைத்துக் கழுவுவோம் (கரிமக் கரைப்பான் மிச்சம் துளிகூட இருக்கக் கூடாது, அந்தப் பாத்திரத்தை இறுக மூடவும் கூடாது). ஊறும்போது திரவம் இன்னும் மஞ்சளாகிக்கொண்டே போனால், உறை விரிசல் விட்டு உள்ளே இருக்கும் காந்தமே கரைகிறது என்று அர்த்தம், தூக்கிப் போட்டுவிடுவோம். வெற்றுச் சோதனைக்கு எப்போதும் பிரிக்காத புதுக் கட்டை.

இன்னொன்று, சொன்னால் சிரிப்பீர்கள். காந்தத் துகள் வினையூக்கியைக் காந்தக் கலக்கியில் கலக்குவது. துகளெல்லாம் கட்டையிலேயே மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு சுற்றும். நாம் திரவத்தைக் கலக்குகிறோம், வினையூக்கியை அல்ல. வேகத்தைக் கூட்டக் கூட்ட வினைவேகம் மாறிக்கொண்டே இருந்தால், நீங்கள் அளப்பது வேதியியலை அல்ல, கலக்கலை. மேலிருந்து கலக்கும் மோட்டார் போடுங்கள், அல்லது குலுக்கியில் வையுங்கள். நான் இதைக் கண்டுபிடிக்க எடுத்துக்கொண்ட காலத்தைச் சொல்ல மாட்டேன்.

முனைவர் பட்டத்துக்குப் பிறகு காந்தப் பொருட்கள் பக்கம் சாய்ந்தேன். சந்தேகப்படும் புத்தியைக் கூடவே எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும், பாதியைத்தான் எடுத்துப் போயிருக்கிறேன். கோபால்ட் கலந்த துத்தநாக ஆக்சைடு, அறை வெப்பநிலையிலேயே ஃபெர்ரோ காந்தமாக, அதாவது இரும்பைப் போல வலுவான காந்தமாக, இருக்குமா என்பது அப்போதைய வேலை. பன்னிரண்டு மாதிரிகளில் ஒன்று மட்டும் காந்தமானி வரைபடத்தில் ஃபெர்ரோ காந்தத்துக்கே உரிய அழகான வளையம் காட்டியது. ஒரு வாரம் தூக்கமில்லை. குறிப்பேட்டைப் புரட்டியபோது அந்த நாளின் ஓரத்தில் என் கையெழுத்திலேயே ஒரு வரி: "மூசையில் ஒட்டிக்கொண்டது, சுரண்டி எடுத்தேன்." எஃகுக் கரண்டியால் சுரண்டியிருக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரும்பின் செறிவுக் காந்தமாக்கல் கிராமுக்கு 218 இ.எம்.யு. ஒரு மைக்ரோகிராம் இரும்பு போதும், 0.0002 இ.எம்.யு சமிக்ஞை வந்துவிடும். இந்த வகை ஆக்சைடுகளில் நாங்கள் தேடிக்கொண்டிருந்ததே அந்த அளவு சமிக்ஞையைத்தான். ஹாஃப்னியம் ஆக்சைடு படலங்களில் காந்தத்தன்மை இருப்பதாக 2004இல் ஒரு கட்டுரை வந்து பெரிய பரபரப்பு. அடுத்த ஆண்டே இன்னொரு குழு, சுத்தமான படலத்தில் அப்படி ஒன்றும் இல்லை, எஃகு இடுக்கியால் பிடித்தால் மட்டும் சமிக்ஞை வருகிறது என்று காட்டியது. எனவே பீங்கான் அல்லது பிளாஸ்டிக் இடுக்கி, பிளாஸ்டிக் கரண்டி, மாதிரி வைக்கும் உறையை முதலில் வெறுமையாக ஒரு தடவை அளப்பது. தூளை உறைக்குள் மெழுகு ஊற்றியோ பஞ்சு அடைத்தோ அசையாமல் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் புலம் ஏறும்போது தூள் திரும்பிப் படுத்துக்கொள்ளும், வளையம் கோணலாகும்.

இரண்டு துறையும் ஒன்றாகச் சேரும் இடத்துக்கு வர எனக்குப் பத்து வருடம் பிடித்தது. அம்மோனியாத் தொழிலின் இரும்பு வினையூக்கி நமக்குப் பாடத்தில் ஒரு வரிதான். ஜெர்மன் வேதியியலாளர் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்ததில், சுவீடனிலிருந்து வந்த மேக்னடைட் தாதுதான் நல்ல வழி காட்டியது. அலுமினா, பொட்டாஷ், சுண்ணாம்பு கொஞ்சம் சேர்த்த அந்தக் கலவையின் வம்சம் 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலை தொடங்கிய காலத்திலிருந்து இன்றுவரை ஓடுகிறது. ஆனால் உலைக்குள் போகும் மேக்னடைட் அப்படியே இருப்பதில்லை. ஹைட்ரஜன் அதன் ஆக்சிஜனைப் பிடுங்கிவிடும். மிஞ்சும் துளை துளையான இரும்புதான் வேலை பார்க்கிறது. போட்டது ஒன்று, உழைப்பது வேறொன்று. நான் தட்டுத்தடுமாறிக் கற்றது அங்கே நூறு வருடமாக உலைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

அதிலிருந்துதான் இப்போதைய வேலை பிறந்தது. வினை ஓடிக்கொண்டிருக்கும்போதே வினையூக்கியின் காந்தமாக்கலை அளப்பது. கோபால்ட் உலோகமாக இருந்தால் ஃபெர்ரோ காந்தம், ஆக்சைடானால் அந்தச் சமிக்ஞை போய்விடும். ஆக, உலையைத் திறக்காமலேயே எவ்வளவு கோபால்ட் கெட்டுப்போனது என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். நிக்கலுக்கு இதே உத்தியைப் போட்டால் கவனம் வேண்டும். அதன் கியூரி வெப்பநிலை 358 டிகிரிதான். அதற்குமேல் சமிக்ஞை காணாமல் போவது நிக்கல் ஆக்சைடாகிவிட்டதால் அல்ல, சூட்டால்.

உலோகமாக்கிய வினையூக்கியை எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஹைட்ரஜன் வினை முடிந்து பல்லேடியம்–கரியை வடிகட்டிக்கொண்டிருந்தேன், தொலைபேசி அடித்தது, திரும்பி வந்தபோது வடிதாள் உலர்ந்திருந்தது. உலர்ந்த வினையூக்கி காற்றுப் பட்டு மெத்தனால் ஆவியைப் பற்றவைக்க அது போதும். நீலமாக ஒரு சுடர், பகலில் கண்ணுக்கே தெரியவில்லை, தாள் கருகிச் சுருண்டபோதுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் தாள் உலரவே விடுவதில்லை, பக்கத்தில் தண்ணீர்க் குப்பி. நிக்கல், கோபால்ட் என்றால் நைட்ரஜனில் ஒரு சதவீதம் ஆக்சிஜன் கலந்து மெதுவாக விட்டு, மேற்பரப்பை அடக்கிவிட்டுத்தான் குழாயைத் திறப்போம்.

அந்தப் பத்துப் பட்டை வரைபடம் வெளிவரவே இல்லை. அதற்குப் பதிலாகப் பல்லேடியம் எப்படி இறங்கி ஏறுகிறது என்று ஒரு கட்டுரை, ஒன்றரை வருடம் தாமதமாக வந்தது. பெரிய வரவேற்பு இல்லை. ஆனால் சூட்டில் வடிகட்டும் முறை பற்றிக் கேட்டு முகம் தெரியாத மாணவர்களிடமிருந்து மின்னஞ்சல் இன்னமும் வருகிறது, ஊசிக்குழலை எதில் சூடாக்கினீர்கள் என்பதுவரை கேட்கிறார்கள்.

போன வாரம் புதிதாகச் சேர்ந்த பெண் குப்பியும் கையுமாக ஓடி வந்தாள். "அக்கா, இங்க பாருங்க, சுத்தமா தெளிஞ்சிடுச்சு!" கறுப்பெல்லாம் ஒரு பக்கம் ஒட்டியிருந்தது. எனக்கும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. தெளிந்ததைக் கழிவுக் கேனில் சாய்க்கப் போனாள்.

"அதைக் கொட்டாதே. இப்ப எத்தனை டிகிரி இருக்கு?"

"ஆறிடுச்சே அக்கா."

"சரி, இதை ஒரு குப்பியில எடுத்துப் பேர் எழுதி வை. நாளைக்கு மறுபடி போடலாம். காலையில வந்ததும் ஊசியையும் ஊசிக்குழலையும் ஓவன்ல வெச்சிடு. கண்ணாடி ஊசிக்குழல், பிளாஸ்டிக் இல்ல."